கம்போடியா போய் வந்த பிறகு: "ஒண்ணுமே இல்லை, ஆனா சந்தோஷமா இருக்காங்க" என்று சொல்வது சரியா?

வழிப்போக்கன் எழுதியது:

அங்கோர்வாட் படங்களை இங்கே ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் போட்டாகிவிட்டது, அதனால் கோயிலைப் பற்றி எழுதப் போவதில்லை. நான் கேட்க வந்தது வேறு.

அங்கோர்வாட் பக்கத்து ஊரான சியாம் ரீப்பிலிருந்து தோன்லே சாப் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். மழைக்காலத்தில் மேகாங் நதி பெருகும்போது, ஏரியிலிருந்து அதில் போய்ச் சேரும் ஆறே எதிர்த்திசையில் ஓடி இந்த ஏரிக்குள் வந்து சேர்கிறது. கோடையில் 2,500 சதுர கிலோமீட்டர் சுமாருக்குச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, மழை முடியும்போது 10,000ஐத் தாண்டிவிடும். அதனால் வீடுகள் எல்லாம் மூன்று ஆள் உயரக் கம்பங்களின் மேல். நாங்கள் போனபோது தண்ணீர் வடிந்து வீட்டுக்கு அடியில் சேறு, அதில் பன்றிக் கூண்டு, காயப்போட்ட வலை, பொடி மீன் பரப்பிய தட்டிகள். பிள்ளைகள் படகைப் பார்த்துக் கையாட்டினார்கள். திரும்பும்போது வேனில் ஒருவர் ஆரம்பித்தார்: "பாருங்க, ஒண்ணுமே இல்லை, ஆனா எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க, நமக்கு எல்லாம் இருந்தும் நிம்மதி இல்லை." வேன் முழுக்க ஆமாம் போட்டது. எனக்கு ஒட்டவில்லை. பன்னிரண்டு நிமிடம் படகில் இருந்து பார்த்துவிட்டு ஒரு ஊரின் மனநிலையை எப்படிச் சொல்கிறோம்?

மற்றவர்கள் ஊர் திரும்பிய பிறகும் நான் கொஞ்சம் தங்கி, ஒரு ரெமோர்க்காரரோடு சுற்றினேன் (பைக்குக்குப் பின்னால் கோத்து இழுக்கிற வண்டி, நாம் எல்லாவற்றையும் டுக்டுக் என்கிறோம்). பாதி ஆங்கிலம், மீதி போனில் மொழிபெயர்ப்பு. நாலாவது சவாரிக்குப் பிறகுதான் காசுப் பேச்சு வந்தது. வண்டிக்குக் கடன். வீட்டுக் கூரை மாற்றக் கடன். இரண்டுக்கும் ஈடு ஒரே நிலப்பத்திரம், அது கடன் கொடுத்தவர்களிடம். ஆப் மூலம் ஓடும் மூன்று சக்கர வண்டிகள் வந்ததிலிருந்து ரெமோர்க்குக்கு ஆள் குறைந்துவிட்டதாம். அது நம்ம பஜாஜ் ஆட்டோ! தாய்லாந்தில் கட்டட வேலை பார்த்து மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்த தம்பி, 2025 ஜூலையில் எல்லையில் சண்டை மூண்டபோது கிளம்பி வந்தவர்தான், திரும்பப் போகவில்லை.

சீட்டுக்கு அடியில் ஒரு நோட்டு இருந்தது. கட்டம் போட்ட தாள், ஒவ்வொரு கட்டத்திலும் கொரிய எழுத்து, ஒரே எழுத்து இருபது முறை. மகளுடையது. கொரியாவுக்கு வேலைக்குப் போவதற்கான மொழித் தேர்வுக்குப் படிக்கிறாள், வகுப்புக்குக் கட்டியதும் கடன் வாங்கிய பணத்தில் இருந்துதான். அவள் போய்விட்டால் பத்திரம் திரும்பிவிடும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், வேனில் இருந்தவர்கள் பார்த்திருந்தால் அதையும் சந்தோஷக் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

நம்பிக்கை அவருக்கு இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது சுற்றுலாக்காரர் பார்க்கிற சிரிப்பில் இல்லை, அடகில் இருக்கிறது. நீங்கள் யாராவது இப்படி எங்காவது போய் வந்து யோசித்திருந்தால் எழுதுங்கள்.


சும்மா வந்தேன் எழுதியது:

வறுமையைப் பார்க்க விமானம் ஏறணுமா சார்? சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் நின்றாலே போதும். அந்த டிக்கெட் காசில் இங்கே நாலு பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியிருக்கலாம்.


வழிப்போக்கன் எழுதியது:

கட்டியிருக்கலாம்தான். நான் வறுமையைப் பார்க்கப் போகவில்லை, கோயில் பார்க்கப் போனேன், அது வழியில் இருந்தது. சென்ட்ரலில் நிற்பவரைப் பார்த்து "ஒண்ணுமே இல்லை, ஆனா சந்தோஷமா இருக்கார்" என்று யாரும் சொல்வதில்லை பாருங்கள், அதைத்தான் கேட்கிறேன். வெளியூர் என்றால் மட்டும் ஏன் அந்த வசனம் வருகிறது?


ராசாத்தி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. உங்களை அநாதை இல்லத்துக்குக் கூட்டிப்போகவில்லையா? நான் குழந்தைகள் நலத்தில் பல வருடம் வேலை பார்த்தவள், அதனால் கம்போடியா என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

க்மெர் ரூஜ் (போல் பாட்டின் கம்யூனிஸ்ட் படை) ஆட்சி 1975 ஏப்ரலில் இருந்து 1979 ஜனவரி வரை. அதில் செத்தவர்கள் ஏறக்குறைய 17 லட்சம் பேர் என்பார்கள், நாட்டில் நாலில் ஒருவர். அந்தக் காலத்தில் நிஜமான அநாதைகள் ஏராளம். ஆனால் அதெல்லாம் முடிந்து ஒரு தலைமுறை வளர்ந்த பிறகு, 2005க்கு மேல், இல்லங்களின் எண்ணிக்கை குறையாமல் ஏறியது. ஏறியது சுற்றுலாவோடு சேர்ந்து. யுனிசெஃப் துணையோடு 2011ல் வந்த ஆய்வில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்கு அம்மா அப்பாவில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தது. சோறும் ஆங்கிலமும் கிடைக்கும் என்று பெற்றவர்களே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, பிள்ளை நாலு எழுத்து படிக்கட்டும் என்றுதான் விட்டிருப்பார்கள்.

ஆனால் அந்த இல்லம் நடப்பது எதை வைத்து? வருகிறவர் கண்ணீர் விட வேண்டும், விட்டால்தான் பர்ஸ் திறக்கும். பிள்ளை குண்டாக, நல்ல சட்டையோடு இருந்தால் நன்கொடை வராது. சாயங்காலம் டான்ஸ் ஆடச் சொல்வார்கள், யார் வந்தாலும் ஓடிப்போய் மடியில் உட்காரும் அந்தப் பிள்ளைகள். "என்ன பாசம்" என்று நம் ஆட்கள் உருகுவார்கள். முன்பின் தெரியாதவர் மடியில் உடனே ஏறுகிற குழந்தையைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும், அது பாசம் இல்லை, யாரோடும் நிலையாக இருந்து பழகாததன் அடையாளம். "குழந்தைகள் சுற்றுலாத் தலங்கள் அல்ல" என்று அங்கே ஒரு பிரசாரமே நடந்தது, ரெமோர்க்குகளின் பின்னால்கூட ஒட்டியிருந்தார்கள்.


சிங்கை செல்வி எழுதியது:

ராசாத்தி அக்கா சொல்வது சரிதான், ஆனால் ஒரு பக்கம் மட்டும் என்று தோன்றுகிறது. இங்கே சிங்கப்பூரில் பள்ளிகளில் இருந்து பிள்ளைகளை வெளிநாட்டுச் சமூகத் தொண்டுக்கு அனுப்புவார்கள், கம்போடியா அதில் வழக்கமான இடம். என் மகனும் போனான். பள்ளிக்கூடச் சுவருக்குச் சாயம் அடித்தார்கள், ஆங்கிலப் பாட்டு சொல்லிக் கொடுத்தார்கள், கை கழுவுவது எப்படி என்று நாடகம் போட்டார்கள்.

வந்த பிறகு அவன் தட்டில் சோறு மிச்சம் வைப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு, ஹி ஹி. ஆனால் அதற்கப்புறமும் ஏதோ ஒன்று தங்கிவிட்டது, செய்தியில் கம்போடியா என்று வந்தால் நின்று பார்க்கிறான். இதையும் "சுற்றுலாக்காரர் கண்ணீர்" என்று ஒதுக்கிவிடுவீர்களா? எல்லாமே தப்பு என்றால் யாரும் எங்கேயும் போகாமல், எதையும் பார்க்காமல் வீட்டில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பதுதான் நியாயமா?

எனக்கும் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கை கழுவும் நாடகம் போட்ட பள்ளியில் குழாய் இல்லை. தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது, கோடையில் அது பாதிதான் இருக்குமாம். மகனே வந்து சொன்னான், "அம்மா, அவங்களுக்குக் கழுவத் தெரியும்மா, தண்ணிதான் இல்லை." இன்னொன்று, அங்கே பல பள்ளிகளில் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று இரண்டு வேளை நடக்கிறது, ஒரு பிள்ளைக்கு நாலு மணி நேரம்தான் வகுப்பு கிடைக்கும். அதில் எங்கள் பிள்ளைகள் பாட்டு பாடிய நேரமும் கழிந்திருக்கும்.


ராசாத்தி எழுதியது:

போகக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன் செல்வி? உங்கள் மகன் கற்றுக்கொண்டது உண்மை, அவன் நல்ல பிள்ளை. படிக்கப் போனான் என்று சொல்லுங்கள், அழகாக இருக்கிறது. தொண்டு செய்யப் போனான் என்றால்தான் எனக்கு இடிக்கிறது. சாயம் அடிக்கிற ஆள் அந்த ஊரிலேயே இருந்திருப்பார், அவருக்கு அன்றைக்குக் கூலி கிடைத்திருக்கும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் உணர்ச்சியில் எழுதுகிறீர்கள், கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். நான் வங்கித் துறைக்காரன், நுண்கடன் (மைக்ரோ ஃபைனான்ஸ்) பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன்.

உலக வங்கிக் கணக்குப்படி கம்போடியாவில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 2009ல் 100க்கு 34 பேர் அளவில், பத்து வருடம் கழித்து 18க்கு இறங்கியது. இது சின்ன விஷயம் இல்லை. கண்ணிவெடியை எடுத்துக்கொள்ளுங்கள், 1996ல் ஒரே வருடத்தில் 4,000 பேருக்கு மேல் கால், கை, உயிர் இழந்தார்கள், இப்போது வருடத்துக்கு நூறுக்கும் குறைவு. எலிகளைப் பழக்கி வெடியை மோப்பம் பிடிக்க வைக்கிறார்கள், மகாவா என்ற எலிக்கு 2020ல் தங்கப் பதக்கமே கொடுத்தார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிறார்கள், குறைந்தபட்சச் சம்பளம் 2025ல் மாதம் 208 டாலர். லாரியில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறார்கள்தான், பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சம்பளம்தான் ஊரில் தம்பி தங்கைகளைப் படிக்க வைக்கிறது. கோவிட் காலத்தில் ஏழைக் குடும்ப அட்டை வைத்திருந்தவர்களுக்கு அரசே மாதாமாதம் பணம் போட்டது. தெருவோரக் கடையில் எல்லாம் கியூஆர் ஒட்டியிருக்கும், கவனித்தீர்களா?

கடனையும் பூதமாகக் காட்ட வேண்டாம். அந்த ரெமோர்க்காரருக்கு நுண்கடன் கிடைக்காவிட்டால் வட்டிக்காரரிடம் போயிருப்பார், அங்கே வட்டி என்ன என்று கேட்டுப் பாருங்கள். 2017லேயே ஆண்டு வட்டி 18 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அவர்களுடைய மத்திய வங்கி உச்சவரம்பு வைத்துவிட்டது. மகளைக் கொரியாவுக்கு அனுப்புவது கணக்குப்படி நல்ல முதலீடு, அங்கே ஒரு மாதச் சம்பளம் கம்போடிய ஆடைத் தொழிற்சாலையில் பல மாதச் சம்பளம். வழிப்போக்கன் அதை சோகக் கதையாகப் பார்க்கிறார், எனக்கு அது முன்னேறும் கதையாகத் தெரிகிறது.


வவுனியா வாசி எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கட கணக்கில பிழை சொல்ல இல்லை. ஆனா அந்தக் கணக்கைக் கீழ இருந்து பார்த்தவன் நான்.

யுத்தம் முடிஞ்ச பிறகு எங்கட பக்கமும் நுண்கடன் கம்பனியள் வரிசையா வந்தது. ஆம்பிளையள் இல்லாத வீடுகள், தோட்டம் துறை எல்லாம் அழிஞ்சு போன இடம், ஆர் காசு தந்தாலும் வாங்குற நிலைமை. கிழமைக்குக் கிழமை ஆள் வந்து முற்றத்தில நிக்கும். ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில எடுத்தது, அதுக்குக் கட்ட மூன்றாவது. கடைசியில 2018ல அரசாங்கமே வறட்சி பாதிச்ச மாவட்டங்களில ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின்ர கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. நல்ல முதலீடா இருந்தா ஏன் தள்ளுபடி?

கம்போடியாவில இதைவிடப் பெரிசு. அங்க கடன்காரர் 20 லட்சத்துக்கு மேல, ஆளுக்குச் சராசரியா 3,000 டாலருக்கு மேல கடன். எங்களுக்குக் குழுவில பிணை, அவங்களுக்குக் காணிப் பத்திரம் பிணை. க்மெர் ரூஜ் காலத்தில தனியார் காணி எண்டதே இல்லாமல் போய், பழைய பத்திரங்களும் அழிஞ்சு போச்சு. 2001ல சட்டம் வந்து அதுக்குப் பிறகுதான் திரும்பவும் அளந்து பேர் பதிஞ்சு குடுத்தவை. கன சனத்துக்குச் சீவியத்தில முதல்முறையா கைக்கு வந்த பத்திரம் அது. அதை வாங்கிக்கொண்டு நேர கடன் அலுவலகத்துக்குப் போயிருக்கினம். லிக்காடோ எண்ட மனித உரிமை அமைப்பு 2019ல இதைப் பற்றி அறிக்கை விட்டது, கட்ட ஏலாமல் காணி விற்றது, பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தில இருந்து மறிச்சது, சாப்பாட்டைக் குறைச்சது எல்லாம் அதில கிடக்கு.

18 வீதம் எண்டு வரம்பு வைச்ச பிறகு சின்னக் கடன் குடுக்கிறதைக் குறைச்சுப் பெரிய கடனாக் குடுக்கத் தொடங்கினவை, மேல கட்டணம் வேற. நீங்கள் அந்தத் துறை ஆள், உங்களுக்குத் தெரியாததா?


கணக்குப்பிள்ளை எழுதியது:

தெரியும். கட்டணம் ஏறியது உண்மை, அதை நான் விட்டிருக்கக் கூடாது என்பீர்கள், சரி. ஆனால் வீட்டுக்கு வந்து மிரட்டுவது வசூல் முறையின் கோளாறு, கடனையே நிறுத்தினால் அந்த இடத்தில் கந்துவட்டி வந்து உட்காரும். 2010ல் ஆந்திராவில் நுண்கடனுக்குக் கடிவாளம் போட்ட பிறகு கிராமங்களில் பழைய வட்டிக்காரர்கள் திரும்பி வந்ததைப் பார்த்தவன் நான். நிலத்தை ஈடு வாங்காத கடன் வேண்டும் என்று கேளுங்கள், உங்களோடு நிற்கிறேன்.


பனங்காட்டான் எழுதியது:

நான் கப்பல் பட்டறை ஆள், கடன், வங்கி எல்லாம் தெரியாது. ஆனால் சியாம் ரீப்பில் இருந்து பந்தே ஸ்ரேய் கோயிலுக்குப் போகிற ரோட்டில் ப்ரியா டாக் என்று ஒரு ஊர் வரும், அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். ரோட்டின் இரண்டு பக்கமும் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள்! பனைதான் அவர்களுடைய தேசிய மரம். நம்ம ஊர் பனை, அதே மரம்.

எங்கப்பா உடன்குடிப் பக்கம் பனையேறி. அதனால் மற்றவர்கள் சர்க்கரை வாங்க, நான் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தளநார் (மரம் ஏறக் காலில் மாட்டும் நார் வளையம்) போடவில்லை. கணுவில் குச்சி விட்ட ஒற்றை மூங்கிலை மரத்தோடு சேர்த்துக் கட்டி, அதை ஏணியாக வைத்து ஏறினார். கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய், இடுப்பில் கொத்தாகத் தொங்கியது. நாம் சுண்ணாம்பு தடவுவோம், அவர்கள் புளிக்காமல் இருக்கக் குழாய்க்குள் மரச் செதிலைப் போடுகிறார்கள். பாளையை இடுக்கி நசுக்கும் மரக் கடிப்பு மட்டும் அப்படியே எங்கப்பா வைத்திருந்தது மாதிரி. கீழே அவர் மனைவி மண் அடுப்பில் பனை மட்டையைத் தள்ளித் தள்ளி எரித்துக்கொண்டு பெரிய சட்டியில் காய்ச்சினார், பாகு பதத்துக்கு வந்ததும் இறக்கி வைத்து வெளுக்கிற வரைக்கும் தேய்த்து, ஓலையை வளையமாகச் சுற்றி வைத்து அதில் ஊற்றினார். சிரட்டைக்குப் பதில் ஓலை வளையம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வாசனையில் எனக்கு எங்கள் விடிலி (கருப்பட்டி காய்ச்சும் குடிசை) ஞாபகம் வந்து அழுகையே வந்துவிட்டது.

அந்த ஆளின் நெஞ்சில் தழும்பு இருந்தது. காலையும் சாயங்காலமும் ஏற வேண்டும், கோடையில் ஒரு நாள் விட்டாலும் பாளை காய்ந்துவிடும். மகன் ஏறுவானா என்று கேட்டேன். வண்டிக்காரர் மொழிபெயர்த்தார். அவர் கையை வேகமாக ஆட்டி ஏதோ சொன்னார், வண்டிக்காரர் சிரித்துவிட்டு, "மரத்துப் பக்கம் வந்தால் காலை உடைப்பேன் என்று சொல்லியிருக்கிறாராம்" என்றார். எங்கப்பா சொன்ன அதே வசனம் சார். என்னை ஏற விடவில்லை, ஐடிஐ சேர்த்துவிட்டார், அதனால்தான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். கம்போங் ஸ்பூ மாகாணத்துப் பனைச் சர்க்கரைக்குப் புவிசார் குறியீடு எல்லாம் வாங்கியிருக்கிறார்களாம், நல்ல விலைக்கு ஏற்றுமதியும் ஆகிறதாம், சந்தோஷம். ஆனால் ஏறுகிறவன் தன் மகன் ஏறக் கூடாது என்று நினைக்கிற தொழிலில்தான் நாம் போய் "பாரம்பரியம், எளிமை" என்று போட்டோ எடுக்கிறோம்.


வழிப்போக்கன் எழுதியது:

பனங்காட்டான் அண்ணே, இதை நீங்கள் தனி இழையாகவே போடலாம்.

கணக்குப்பிள்ளை சார், நான் சோகக் கதையாக எழுதவில்லை. நீங்கள் சொன்ன 34, 18 எல்லாம் நடந்தது இப்படிப்பட்ட குடும்பங்கள் துணிந்து கடன் வாங்கி, பிள்ளையைப் படிக்க வைத்து, எல்லை தாண்டி வேலைக்குப் போய்த்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜெயித்தவர்தான் அந்த 16 பேருக்குள் வருவார். தோற்றவரிடம் நிலமும் இருக்காது, கடன் மட்டும் மிஞ்சும். முதலீடு என்று நீங்கள் சொன்னீர்களே, நம்மிடம் ஒரு முதலீடு போனால் போன பணம்தான் போகும், சாப்பிடும் நிலம் போகாது. அவருடைய மகள் தேர்வில் தேறினாலும் உடனே அனுப்பிவிட மாட்டார்களாம், பட்டியலில் பேர் இருக்கும், கொரிய முதலாளி யாராவது தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரைக்கும் தவணை நிற்காது. இதை அவர் என்னிடம் புலம்பலாகச் சொல்லவில்லை, மழை எப்போது வரும் என்று பேசுகிற குரலில்தான் சொன்னார்.

எனக்கு எரிச்சல் வந்தது அந்த வேன் வசனத்தின் மேல்தான். "ஒண்ணுமே இல்லாமல் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்றால் அவர்களுக்கு எதுவும் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது, பிறகு வண்டிக் கூலியில் மூன்று டாலர் பேரம் பேச நமக்குக் கூச்சமே இருக்காது. பேசினார்கள் சார், என் கண் முன்னால், 15 டாலர் சவாரியை 12க்கு.


டிசம்பர் டிக்கெட் எழுதியது:

இழை முழுக்கப் படித்தேன், பயந்தே போனேன். அப்பா அம்மாவோடு டிசம்பரில் போகிறோம். கோயில் வாசலில் போஸ்ட் கார்டு விற்கிற பிள்ளைகளிடம் வாங்கலாமா கூடாதா? படகில் போனால் ஏழைப் பள்ளிக்கு அரிசி மூட்டை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்பார்களாமே? ஒன்றுமே கொடுக்காமல் வருவதும் ஒரு மாதிரி இருக்கிறது.


ராசாத்தி எழுதியது:

பிள்ளைகளிடம் வாங்காதீர்கள். மனசு கேட்காது, இருந்தாலும். நன்றாக விற்கிற பிள்ளையை வீட்டில் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். பெரியவர்கள் நடத்தும் கடையில், பனங்காட்டான் சொன்ன மாதிரி சர்க்கரையோ, தாமரை விதையோ, கேட்ட விலைக்கு வாங்குங்கள். படகில் அரிசி மூட்டை கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கடை விலையைவிட அதிகம் வாங்குவார்கள், மூட்டை மறுபடி கடைக்கே திரும்பும் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள்.


சிங்கை செல்வி எழுதியது:

கொடுக்க ஆசை இருந்தால் கந்தபோபா குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. பியாட் ரிக்னர் என்று ஒரு ஸ்விஸ் குழந்தை மருத்துவர், க்மெர் ரூஜ் வருவதற்கு முன்னால் ப்னோம் பென்னில் வேலை பார்த்தவர், 1992ல் திரும்பி வந்து ஆஸ்பத்திரியை மறுபடி திறந்தார். வைத்தியம் முழுக்க இலவசம். 2018ல் காலமானார். 2017ல் நோயில் படுக்கும் வரைக்கும் அதற்குப் பணம் திரட்டுவதே வேலை, சனிக்கிழமை ராத்திரி சியாம் ரீப்பில் செல்லோ வாசித்துக் காசு கேட்பார். அங்கோர் போகிற வழியில் இருக்கிற கிளைக்கு ஏழாம் ஜெயவர்மன் பேர் வைத்தார்கள், 12ஆம் நூற்றாண்டு ராஜா, நாடு முழுக்க 102 ஆரோக்கிய சாலைகள் இருந்ததாக அவர் காலத்துத் தா ப்ரோம் கல்வெட்டு சொல்கிறது. நீங்கள் வாங்குகிற அங்கோர் டிக்கெட்டிலேயே இரண்டு டாலர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். ரத்தமும் வாங்கிக்கொள்வார்கள், டெங்குக் காலத்தில் நிறையத் தேவைப்படும். வயசானவர்கள் பணம் கொடுங்கள், இளசுகள் ரத்தம் கொடுங்கள் என்பது ரிக்னர் எப்போதும் கேட்பது.


டிசம்பர் டிக்கெட் எழுதியது:

அப்பாவுக்கு 68, அவர் பணம். ரத்தம் நான் கொடுக்கிறேன். அம்மா இரண்டுக்கும் வரமாட்டேன் என்கிறார், உடன்குடிக்காரர் சொன்ன ஊரில் கருப்பட்டி எத்தனை கிலோ வாங்கலாம், ஏர்போர்ட்டில் விடுவார்களா என்று கேட்கச் சொன்னார்.


பனங்காட்டான் எழுதியது:

செக்-இன் பெட்டியில் போடச் சொல்லுங்கள், நான் அப்படித்தான் கொண்டுவந்தேன். ஓலையில் கட்டினதை வாங்காமல் டப்பாவில் கேளுங்கள், வெயிலில் உருகி ஒழுகும். கொஞ்சம் கூடவே வாங்கச் சொல்லுங்கள், நம்ம கருப்பட்டி அளவுக்குக் கறுப்பு இல்லை, காபிக்குப் போட்டால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை போட வேண்டியிருக்கும்.